கருவின் நிறத்தை வைத்து மேய்ச்சல் கோழி என்று சொல்லிவிடலாமா?

கண்மாய்க்கரை:
காரைக்குடிப் பக்கம் நாட்டுக்கோழி முட்டை வாங்குபவர்கள் ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகிறார்கள். கரு நல்ல ஆரஞ்சாக இருந்தால் மேய்ச்சல் கோழி, வெளிறினால் கூண்டுக்கோழி. சரியான வழக்கம்தான். கருவுக்கு நிறம் தரும் லூட்டீன், ஸியாசாந்தின் என்ற நிறமிகள் இரண்டையும் கோழியின் உடம்பு உண்டாக்காது, இரையிலிருந்துதான் வரவேண்டும்.

செம்மண்காடு:
அண்ணே, தின்றதை நிறம் சொல்லும். எங்கே தின்றது என்று நிறம் சொல்லாது! செண்டுமல்லிச் சாறு கலந்த தீவனம் போட்டால் கூண்டுக்கோழிக்கும் ஆரஞ்சுக் கருதான். சித்திரை வெயிலில் நம் செம்மண் தரையில் பச்சை ஏது? குருணையும் தவிடும் பொறுக்கி நாளெல்லாம் மேய்ந்த கோழியின் கரு வெளிறித்தான் கிடக்கும். அதை வளர்த்தவரைப் பொய்யர் என்பது அநியாயம்.

கண்மாய்க்கரை:
கோடையில் முருங்கைக்கீரை போடலாமே தம்பி. மரம் இல்லாத வீடு உண்டா?

செம்மண்காடு:
போடலாம். ஆனால் நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் நிறமி அழிந்துவிடும். பொடித்து, கிலோ தீவனத்துக்கு 50 கிராம் போதும். அளவு மிஞ்சினால் தீனி எடுப்பு குறையும், முட்டையும் குறையும். மூன்று நான்கு நாளில் நிறம் ஏறத் தொடங்கும். முழுதாக ஏற இரண்டு வாரம். கரு ஏறக்குறைய 10 நாள் அடுக்கடுக்காக வளர்வதுதான் காரணம். இட ஆரம்பித்த பெட்டையின் மஞ்சள் கால் நாளடைவில் வெளுப்பதைப் பாருங்கள், நிறமி கருவுக்குப் போய்விடுகிறது. கீரை போட்டும் நிறம் ஏறாவிட்டால் ரத்தக்கழிச்சல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடல் புண்ணானால் நிறமி உடம்பில் சேராது.

செக்கடி:
இருவரும் மஞ்சளையே பேசுகிறீர்கள். பச்சையைப் பற்றி யார் சொல்வது? மலிவு என்று முட்டைக்கோழிக்குப் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு போடுகிறார்கள். அதிலுள்ள காஸிபால் என்ற நச்சுப்பொருள் ஈரலில் தங்கும், கருவிலும் இறங்கும். இட்ட அன்று முட்டையில் ஒன்றும் தெரியாது. சில வாரம் வைத்து உடைத்தால், கருவின் இரும்போடு சேர்ந்து ஆலிவ் பச்சையாகவோ பழுப்பாகவோ நிற்கும். பிண்ணாக்கில் மிஞ்சிய எண்ணெயால் வெள்ளைக் கரு இளஞ்சிவப்பாவதும் உண்டு. இலவங்கொட்டைப் பிண்ணாக்கும் அப்படித்தான். அடைக்குப் பல நாள் முட்டை சேர்ப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கண்மாய்க்கரை:
மாட்டுக்குத் தலைமுறையாகப் போடுகிறோமே?

செக்கடி:
வளர்ந்த மாட்டின் முதல் வயிற்றில் காஸிபால் புரதத்தோடு பிணைந்து பெரும்பாலும் அடங்கிவிடும், அதுவும் அளவோடு கொடுத்தால்தான். பால்குடிக் கன்றுக்கு அந்த வயிறு இன்னும் தயாராகவில்லை. இதயமும் ஈரலும் கெடும். கன்றுக்கும் கோழிக்கும் கடலை அல்லது எள்ளுப் பிண்ணாக்கு போடுங்கள், பூஞ்சை வாடை இல்லாததாகப் பார்த்து. கோழிக்குப் பருத்தியை நிறுத்தினாலும் வளர்ந்துகொண்டிருக்கும் கருக்கள் கழிய வேண்டும். இரண்டு வாரமாவது அந்த முட்டையைச் சேர்த்து வைக்காதீர்கள்.