மிச்சம் என்று நினைத்த இருபது லட்சம்

செங்கல்தூசி:

கோவைப் பக்கம் ஸ்டில்ட்டும் (வண்டி நிறுத்தும் தூண் தளம்) நான்கு மாடியுமாக ஓர் அடுக்ககம். பட்ஜெட் 8 கோடி, காலம் 14 மாதம். ஆறாவது மாதக் கடைசியில் ரிவ்யூ கூட்டம். கணக்குப் பிரிவு சார் எழுந்து, "இந்தத் தேதிக்குள் 3 கோடியே 60 லட்சம் செலவாகும் என்று போட்டிருந்தோம். ஆனது 3 கோடியே 40 லட்சம்தான். 20 லட்சம் மிச்சம்" என்றார். முதலாளி இரண்டாவது ரவுண்டு டீ சொல்லிவிட்டார்.

எனக்கு டீ இறங்கவில்லை. நான்காவது ஸ்லாப் போட்டு முடித்திருக்க வேண்டிய நேரத்தில் மேலே மூன்றாவது ஸ்லாப்புக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். நடக்காத வேலைக்கு ஆகாத செலவை மிச்சம் என்று எப்படிச் சொல்வது?

அன்று ராத்திரி பி.ஓ.க்யூ.வை (ஒவ்வொரு வேலைக்கும் அளவும் ரேட்டும் போட்ட பட்டியல்) பிரித்து, முடிந்த வேலையை மட்டும் பட்ஜெட் ரேட்டில் பெருக்கிக் கூட்டினேன். 2 கோடியே 96 லட்சம் வந்தது. செலவையும் முடிந்த வேலையையும் ஒப்பிடும் ஈ.வி.எம். (ஏர்ன்ட் வேல்யூ மேனேஜ்மென்ட்) முறையில் ஏர்ன்ட் வேல்யூ என்பது இதுதான். அதைச் செலவால் வகுத்தேன்: சி.பி.ஐ. (காஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் இண்டெக்ஸ்) 0.87. ஒரு ரூபாய் போட்டால் 87 காசு வேலைதான் நடக்கிறது. அந்தத் தேதிக்குப் போட்டிருந்த 3.60 கோடியால் வகுத்தால் எஸ்.பி.ஐ. (ஷெட்யூல் பெர்ஃபார்மன்ஸ் இண்டெக்ஸ்) 0.82, அதாவது திட்டமிட்டதில் 82 சதவீத வேலைதான் நடந்திருக்கிறது. எட்டுக் கோடியை 0.87ஆல் வகுத்தால் முடிவில் 9 கோடியே 20 லட்சம் ஆகும் என்று வந்தது. காலையில் குண்டைத் தூக்கிப் போடலாம் என்று காத்திருந்தேன்.

போட்டேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. ஓரமாக நின்ற ஸ்டோர் கீப்பர்தான் மெதுவாகக் கேட்டார், "சார், கீழே தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கோமே டைல்ஸ், அதைக் கழிச்சீங்களா?"

கழிக்கவில்லை. விலை ஏறப்போகிறது என்று முன்கூட்டியே வாங்கிப் போட்ட 22 லட்ச ரூபாய் டைல்ஸ். செலவில் முழுசாக ஏறிவிட்டது, ஒரு கல் கூடப் பதிக்காததால் வேலைக் கணக்கில் ஒரு பைசா இல்லை. கழித்தால் செலவு 3.18 கோடி, சி.பி.ஐ. 0.93, முடிவுத் தொகை 8.60 கோடி. நான் போட்ட சத்தத்தில் பாதி வீண்.

ஆனால் எஸ்.பி.ஐ. 0.82 அசையவில்லை. டைல்ஸைக் கழித்த பிறகும் முடிந்த வேலையின் மதிப்பைவிடச் செலவு இன்னொரு 22 லட்சம் கூடுதல்; அது எங்கே போயிற்று என்று ஐட்டம் ஐட்டமாகப் பார்த்தபோது பெரும்பங்கு சென்ட்ரிங் ஷீட் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் தகடு) வாடகையில் இருந்தது. ஹோலிக்கு ஊருக்குப் போன கம்பி கட்டும் ஆட்கள் மூன்று வாரம் திரும்பவில்லை. ஷீட்டும் ஜாக்கியும் மட்டும் தினமும் வாடகை தின்றுகொண்டு நின்றன.

தோஹாவாசி:

பிளானிங்கில் இருப்பவன். எங்களுக்கு நேர்மாறாக நடந்தது. எஸ்.பி.ஐ. 1.04 என்று மாதாமாதம் பச்சை நிறத்தில் ரிப்போர்ட் போனது. எட்டிய இடத்திலெல்லாம் பிளாக் கட்டிப் பூசித் தள்ளினார்கள், மதிப்பு ஏறியது. டிரான்ஸ்ஃபார்மர் ரூமை ஒப்படைக்க வேண்டிய தேதி மட்டும் ஐந்து வாரம் தாண்டிவிட்டது. அது இல்லாமல் கரன்ட் வராது, கரன்ட் வராமல் ஏ.சி.யை ஓட்டிப் பார்க்க முடியாது. எஸ்.பி.ஐ.க்குப் பணம்தான் தெரியும், எது முன்னால் எது பின்னால் என்பது தெரியாது. கிரிட்டிகல் பாத்தை, அதாவது ஒன்று தள்ளினால் முடிவுத் தேதியே தள்ளிப்போகும் வேலைகளின் வரிசையை, தனியாகப் பார்க்கத்தான் வேண்டும்.

இன்னொரு கூத்து. வேலை முழுசாக முடிந்தால் ஏர்ன்ட் வேல்யூவும் பட்ஜெட்டும் ஒன்றாகிவிடும். எவ்வளவு தாமதமாக முடித்தாலும் கடைசி எஸ்.பி.ஐ. 1.00தான். நான்கு மாதம் லேட்டான எங்கள் கட்டடத்தின் கடைசி ரிப்போர்ட்டிலும் அதுதான் இருந்தது! 1967இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் கான்ட்ராக்டர்களுக்கு 35 விதி போட்டதிலிருந்து தொடரும் முறை இது. இந்த ஓட்டைக்கு 2003இல்தான் வால்ட் லிப்கே என்பவர் ஏர்ன்ட் ஷெட்யூல் என்று ஒரு வழி சொன்னார், தாமதத்தை ரூபாயில் அளக்காமல் மாதத்தில் அளப்பது. உங்கள் பிளானில் 2.96 கோடி எந்த மாதம் வரவேண்டியது, பாருங்கள்.

செங்கல்தூசி:

பார்த்தேன். ஐந்தாம் மாதக் கடைசிக்கே 2.90 போட்டிருக்கிறோம். அப்படியானால் ஐந்து மாதம் மூணு நாள் வேலையை ஆறு மாதத்தில் செய்திருக்கிறோம். இப்படிச் சொன்னதும் முதலாளிக்குச் சட்டென்று விளங்கியது.

பூச்சுக்காரன்:

நீங்கள் எல்லாம் ஆபீசில் உட்கார்ந்து வகுக்கிறீர்கள். நான் சப் கான்ட்ராக்ட் ஆள். ஒரு சைட்டில் "முழுசா முடிஞ்சா 100, இல்லாட்டி பூஜ்யம்" என்று விதி போட்டார்கள். சூப்பர்வைசர்கள் மாதக்கணக்கில் "90 சதவீதம் ஆச்சு" என்றே சொல்லிக்கொண்டிருப்பதைத் தடுக்கவாம். சரி, நல்லதுதான். ஆனால் அதையே பில்லுக்கும் வைத்தார்கள். நாலு வீட்டிலும் பூச்சு முடித்து, வீட்டுக்கு ஒரு பாத்ரூம் பாக்கி. பிளம்பர் சுவரை வெட்டிப் பைப் போடவில்லை, நான் எப்படிப் பூசுவது? நாலு வீட்டுக்கும் பூஜ்யம். சனிக்கிழமை சம்பளத்துக்கு மனைவி நகையை வைத்தேன்.

செங்கல்தூசி:

அது தப்பு, அண்ணே. அந்த விதி ரிப்போர்ட்டுக்கு, அதுவும் ஓரிரு வாரத்தில் முடிகிற சின்ன வேலைக்கு. பில்லுக்கு டேப் பிடித்து எம் புக்கில் (அளவுப் பதிவேடு) ஏறிய சதுர அடிதான் கணக்கு. நாங்கள் ஸ்லாப்பையே பிரித்துவிட்டோம்: சென்ட்ரிங்குக்கு 35, கம்பிக்கு 35, கான்கிரீட்டுக்கு 30. எங்கள் சைட்டுக்கு ஒத்துவந்த பங்கு இது. இப்போது யாரும் 90 என்று சொல்வதில்லை.

அந்த நாலு வீட்டுப் பணம் வந்ததா?

பூச்சுக்காரன்:

மூணு வீட்டுக்கு வந்தது.