'கார்ஸ்' படத்தை ஞாயிறு பள்ளியில் காட்டலாமா?

கேள்வி: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். 2006இல் வந்த, கார்களே பாத்திரங்களாகப் பேசும் பிக்சார் அனிமேஷன் படம் 'கார்ஸ்'. 8 முதல் 11 வயதுப் பிள்ளைகள், வகுப்பு ஒரு மணி நேரம். எந்தக் காட்சியைக் காட்டலாம், எந்த வேத வசனத்தோடு?

பதில் 1: முழுப் படம் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் பிரதர், வேண்டாம். கடைசிப் பந்தயம் போதும். கதாநாயகனான பந்தயக் கார் மக்வீன், முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால பிரேக் போடுற இடத்துல நிறுத்துங்க. "இவன் எதை விடப்போறான்?"னு கேளுங்க. பிறகு ஓடவிடுங்க: போட்டிக் கார் சிக் ஹிக்ஸ் முந்திப்போய் கோப்பையை எடுத்துக்கிறான், மக்வீன் ரிவர்ஸ்ல போய், நொறுங்கிக் கிடக்கிற மூத்த பந்தயக் கார் கிங்கைப் பின்னாலிருந்து தள்ளிட்டு வர்றான். மத்தவங்களை உங்களைவிட மேலா எண்ணுங்கன்னு சொல்ற பிலிப்பியர் 2:3-4ஐ அதுக்கப்புறம் வாசிங்க. முதல்லயே வாசிச்சா விடையைச் சொல்லிட்ட மாதிரி ஆயிடும்.

பதில் 2: தார் போடுற காட்சியையும் சேருங்க. மக்வீன் உடைச்ச ஊர் ரோட்டை அவனே போடணும்னு தீர்ப்பு. அவசரமா போட்ட தார் மேடு பள்ளமா வர, அந்த ஊர் நீதிபதி டாக் ஹட்சன் சுரண்டிட்டு மறுபடி போடச் சொல்றார். வரி வசூலிக்கிற சகேயு, ஏமாத்தி வாங்கினதை நாலு மடங்காத் திருப்பித் தர்றேன்னு சொன்னதை (லூக்கா 19:8) பிள்ளைங்க இதுல சட்டுனு பிடிச்சுக்குவாங்க. "சாரி" மட்டும் மனந்திரும்புதல் இல்லை.

பதில் 3: ஒரு எச்சரிக்கை. "நல்லது செஞ்சா ஆண்டவர் ஜெயிக்க வைப்பார்"னு முடிச்சிடாதீங்க. அவன் கோப்பையை நிஜமாவே இழக்கிறான். டினோகோங்கிற பெரிய ஸ்பான்சர் நிறுவனத்தோட வாய்ப்பு தேடி வந்தும், பழைய ஸ்பான்சரோடவே இருந்துடுறான். அவனை இயேசுவுக்கு ஒப்பாக்கவும் வேண்டாம். அவனே திருந்த வேண்டியவன்.