ஒரே ஆள், மூணு கம்பெனி: சிஆர்எம்-ல எப்படிப் போடறது? அவசரம்

நொய்யல்_சேல்ஸ்:
வணக்கம். எங்க கஸ்டமர் ஒருத்தருக்கு நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயம்), எக்ஸ்போர்ட்னு மூணு கம்பெனி. எல்லாத்துக்கும் அவர்தான் பேசுவார், ஒரே செல் நம்பர். சிஆர்எம்-ல (கஸ்டமர் விவரம், விசிட் எல்லாம் பதியற சாஃப்ட்வேர்) நிட்டிங் பேர்ல அவருக்கு காண்டாக்ட் கார்டு போட்டிருக்கேன். டையிங் போய்ட்டு வந்து விசிட் பதிஞ்சா அதுவும் நிட்டிங்லயே போய் உக்காருது. இன்னொரு கார்டு போட்டா டூப்ளிகேட்னு எச்சரிக்கை வருது. திங்கக்கிழமை ரிவ்யூ. வழி சொல்லுங்க.

மஞ்சள்நகர்:
எந்த சாஃப்ட்வேருங்க? ஜோஹோவா, ஹப்ஸ்பாட்டா? நீங்க அட்மினா, வெறும் யூசரா?

மெயில்_மணி:
இது டொமைன் பிரச்சினைதான். மெயில் ஐடியில @-க்கு அப்புறம் வர்ற டொமைனைப் பார்த்து கம்பெனியோட தானா இணைக்கிற செட்டிங் ஆன்ல இருக்கும். அதை ஆஃப் பண்ணுங்க, சரியாயிடும்.

மஞ்சள்நகர்:
மணி, நீங்க சொல்றது ஹப்ஸ்பாட்ல. அவர் எதுன்னே இன்னும் சொல்லலை. திருப்பூர்ல பாதிப் பேர் வச்சிருக்கிறது ஜிமெயில், அதை வச்சு எந்தக் கம்பெனியோட இணைக்கும்?

நொய்யல்_சேல்ஸ்:
சேல்ஸ்ஃபோர்ஸ். அட்மின் மும்பை ஹெட் ஆபீஸ்ல.

பழைய_நிர்வாகி:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்கணும் தம்பி. ஒரே ஆளைப் பல கம்பெனியோட இணைக்கிறது 2016-லயே வந்த வசதி, தேடியிருந்தாலே கிடைச்சிருக்கும். சரி, அட்மின்கிட்ட இப்படிச் சொல்லுங்க.

சேல்ஸ்ஃபோர்ஸ்ல அக்கவுண்ட்னா ஒரு கம்பெனியோட பதிவு. செட்டப்ல அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய், ஒரு காண்டாக்டைப் பல அக்கவுண்டோட இணைக்க அனுமதிக்கிற டிக்கைப் போடணும். அப்புறம் காண்டாக்ட் லேஅவுட்ல (திரையில எது எது தெரியணும்ங்கிற அமைப்பு) ரிலேட்டட் அக்கவுண்ட்ஸ், அக்கவுண்ட் லேஅவுட்ல ரிலேட்டட் காண்டாக்ட்ஸ் லிஸ்ட்டைச் சேர்க்கணும். லேஅவுட்டை விட்டுட்டு "ஒண்ணும் வரலையே"ன்னு வர்றவங்கதான் அதிகம்.

நிட்டிங் அவருக்கு நேரடி அக்கவுண்டா அப்படியே இருக்கும். மத்த ரெண்டும் மறைமுக உறவு. ஒவ்வொண்ணுக்கும் ரோல், தொடங்கின தேதி, முடிஞ்ச தேதி தனித்தனியாப் போடலாம். நேரடி அக்கவுண்ட் இல்லாத காண்டாக்டுக்கு இது வேலை செய்யாது.

முக்கியமா ஒண்ணு: ஆன் பண்ணினதை யாராவது திரும்ப ஆஃப் பண்ணினா மறைமுக உறவு அத்தனையும் அழிஞ்சிடும்.

மஞ்சள்நகர்:
விசிட் விஷயம் விட்டுப் போச்சே. விசிட் பதியறப்ப அவர் பேர் மட்டும் போட்டா அது நேரடி அக்கவுண்டுக்குத்தான் போகும். ரிலேட்டட் டு-ங்கிற (எதைச் சேர்ந்ததுன்னு கேக்கிற) ஃபீல்டுல டையிங் அக்கவுண்டையோ அதோட ஆப்பர்சூனிட்டியையோ (கைக்கு வரக்கூடிய விற்பனையோட பதிவு) கையால எடுத்துப் போடணும்.

கணக்குப்பிள்ளை:
மூணும் நிஜமாவே தனித்தனிதானான்னு யாரும் கேக்கலையே? ஜிஎஸ்டி எண்ல 15 எழுத்து. முதல் 2 மாநிலம், நமக்கு 33. அடுத்த 10 பான். பான்ல நாலாவது எழுத்து தனிநபர்னா பி, பார்ட்னர்ஷிப்னா எஃப், லிமிடெட் கம்பெனின்னா சி. ரெண்டு கம்பெனிப் பேருக்கும் ஒரே பான் வந்தா சட்டப்படி அது ஒரே ஆள். அதுக்கு எதுக்கு ரெண்டு அக்கவுண்ட்?

மஞ்சள்நகர்:
சட்டம் வேற, விற்பனை வேறங்க. டையிங்ல டையிங் மாஸ்டர் சொன்னாத்தான் ஆர்டர், நிட்டிங்ல வேற ஆள். டெலிவரி இடம் வேற, கடன் நாள் வேற. ஒண்ணாச் சேர்த்தா எந்த யூனிட்ல நம்ம சரக்கு குறையுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

கணக்குப்பிள்ளை:
பாக்கி நின்னா யாரைக் கேப்பீங்க? ஒரே ப்ரொப்ரைட்டர்னா மொத்தப் பாக்கியும் அவர் தலையிலதான். தனித்தனியாப் பிரிச்சா ஒவ்வொரு இடத்திலயும் சின்னத் தொகையாத் தெரியும். கூட்டிப் பார்க்கிறப்ப கடன் வரம்பு எப்பவோ தாண்டியிருக்கும். வசூலுக்கு அலையறவங்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் தெரியும்.

பழைய_நிர்வாகி:
ரெண்டு பேருக்கும் ஒரே பதில். பேரன்ட் அக்கவுண்ட்னு ஒரு ஃபீல்டு இருக்கு. குரூப் பேர்ல ஒரு அக்கவுண்ட் போட்டு மூணையும் அதுக்குக் கீழ கொண்டு வாங்க. பானுக்குத் தனி ஃபீல்டு வச்சு ரிப்போர்ட்ல அதை வச்சுக் கூட்டிக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
அப்படின்னா சரி. ஆனா ஒரே பான்னா கடன் வரம்பை மேல இருக்கிற அக்கவுண்ட்லதான் வைக்கணும்.

மஞ்சள்நகர்:
அதை நான் ஒத்துக்க மாட்டேன். யூனிட்வாரியா வரம்பு இல்லாட்டி டெலிவரியை எங்க நிறுத்தறது?

நொய்யல்_சேல்ஸ்:
மும்பைல ஆன் பண்ணிட்டாங்க. டையிங் அக்கவுண்ட்ல அவர் பேர் தெரியுது. நேத்துப் போன விசிட்டை ரிலேட்டட் டு மாத்திப் போட்டேன், சரியான இடத்துல நிக்குது. நன்றிங்ணா எல்லாருக்கும்.

கணக்குப்பிள்ளை:
டையிங்கும் நிட்டிங்கும் ஒரே பானான்னு பார்த்துட்டீங்களா?

மஞ்சள்நகர்:
எச்சரிக்கை வந்தப்பவும் சேவ் பண்ணின ரெண்டாவது கார்டு ஏதாவது இருந்தா மெர்ஜ் பண்ணிடுங்க. இருக்கா?