சூளையில் முன்பணம் வாங்கிக்கொண்டு விரும்பித்தான் வந்தார்கள் என்றால், அதை ஆள்கடத்தல் என்று சொல்ல முடியுமா?

நந்தியாவட்டை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். திருவள்ளூர் மாவட்டத்தில் என் தாய்வழி உறவினர் ஒருவர் செங்கல் சூளை நடத்துகிறார். சென்ற மாதம் வீட்டு வேலைக்குக் கல் எடுக்கப் போயிருந்தேன். சூளைக் கொட்டகையின் வாசலில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தை மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரியிடம் விசாரித்தேன். அவளுடைய பாட்டி இறந்துவிட்டதாகவும், தாயும் தந்தையும் காரியத்துக்குப் போயிருப்பதாகவும், அவர்கள் திரும்பி வரும்வரை 'பிள்ளை இங்கேதான் இருக்கும்' என்று முதலாளி சொல்லிவிட்டதாகவும் சாதாரணமாகச் சொன்னார். நகையை அடகு வைப்பதைப் போல ஒரு குழந்தையை வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு வீடு திரும்பிய பிறகுதான் முழுமையாக உறைத்தது.

உறவினரிடம் பேசிப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தக் குடும்பத்துக்கு 40,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்ததாகவும், வாரந்தோறும் செலவுக்காசு கொடுப்பதாகவும், சுற்றுச்சுவரோ பூட்டோ எதுவும் இல்லை என்றும் சொன்னார். கணக்கு நோட்டையும் காட்டினார். பிரசவச் செலவு, பொங்கல் துணி, காய்ச்சலுக்கு ஊசி என்று வரிசையாக எழுதியிருந்தது. மூன்று ஆண்டுகள் கல் அறுத்த பிறகும் கடன் 40,000-க்குக் கீழே இறங்கவே இல்லை. அவர்களாகவே கேட்டு வாங்கிய பணம் என்பதால் இதைக் கொத்தடிமைத்தனம் என்றோ ஆள்கடத்தல் என்றோ சொல்ல முடியுமா? முடியும் என்றால் நான் யாரிடம் போக வேண்டும்?

ஈச்சங்குடை:

சொல்ல முடியும். தொழிலாளர் வழக்குகளை நடத்தி வருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டது. வாங்கிய முன்பணத்துக்காக உழைக்கும் ஒருவர், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழான கூலிக்கு வேலை செய்ய வேண்டியிருந்தாலோ, வேறு வேலைக்குப் போக முடியாவிட்டாலோ, விரும்பிய இடத்துக்குச் சென்றுவர முடியாவிட்டாலோ, இவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தாலே அவர் கொத்தடிமைதான். சுவரும் பூட்டும் சட்டத்துக்குத் தேவையில்லை. நீங்கள் பார்த்த குழந்தைதான் அங்கே பூட்டு. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில் 1982-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பசியும் வறுமையும் ஒருவரை வேறு வழியில்லாமல் குறைந்த கூலிக்குப் பணிய வைத்தால் அதுவும் அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. மனிதர்களை வாங்கி விற்பதையும் கட்டாய உழைப்பையும் அரசியலமைப்பு அந்த ஒரே பிரிவில் சேர்த்துத் தடை செய்திருப்பது தற்செயலானது அல்ல.

'விரும்பித்தான் வந்தார்கள்' என்ற வாதத்துக்கு இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவில் பதில் இருக்கிறது. ஏமாற்றியோ, மிரட்டியோ, பணத்தாசை காட்டியோ சுரண்டலுக்காக ஆட்களைச் சேர்ப்பதும், ஏற்றி வருவதும், வைத்திருப்பதும் ஆள்கடத்தல் ஆகும். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டே அல்ல. ஆகவே ஊருக்குப் போய்ப் பணத்தைக் காட்டி ஆள் பிடித்து வரும் மேஸ்திரியும் வழக்கிலிருந்து தப்ப முடியாது.

அந்த நோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடன் ஏற்கெனவே செல்லாததாகிவிட்டது. அதைத் திருப்பி வாங்குவதும் குற்றம். அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் உங்கள் உறவினரையே சாரும்.

களத்துமேடு:

நான் சிறிய அளவில் தொழில் நடத்துகிறவன். முன்பணம் கொடுப்பதையே குற்றம் என்று ஆக்கிவிட்டால், மழைக்காலத்தில் சூளை ஓடாத மாதங்களில் அந்த மக்களுக்கு யார் கடன் கொடுப்பார்கள் என்பதையும் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

ஈச்சங்குடை:

நியாயமான கேள்வி, ஐயா. முன்பணம் கொடுப்பது மட்டுமே குற்றமாகாது. குறைந்தபட்ச ஊதியம் கொடுத்து, 'நாளை முதல் வரவில்லை' என்று தொழிலாளி சொன்னால் போகவிட்டு, பாக்கியை மற்றக் கடன்களைப் போலச் சட்டப்படி கேட்டால் அது வெறும் கடன். போகவிடாமல் தடுக்கும் அந்த நொடியில்தான் அது அடிமைத்தனமாகிறது.

மணியம்:

வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நந்தியாவட்டை அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உறவினரிடம் இனி இதைப் பற்றிப் பேச வேண்டாம். அதிகாரிகள் வரப்போவது தெரிந்தால், விடிவதற்குள் லாரியில் ஏற்றி வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுத்தால் பல கைகள் மாறும். எனவே கோட்டாட்சியரையோ சார் ஆட்சியரையோ நேரில் பார்த்து எழுத்துமூலம் கொடுங்கள். குழந்தைகள் இருப்பதால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் சொல்லலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் உள்ளது.

மீட்பதைவிட முக்கியமானது, கொத்தடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டதாக அதிகாரி எழுதித் தரும் விடுதலைச் சான்றிதழ். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டபோது, ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் பலருக்கும் நினைவிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்து நெகிழ்ந்த நாம், மீட்கப்பட்டவர் கையில் என்ன காகிதம் கொடுக்கப்பட்டது என்று கேட்பதில்லை. சான்றிதழ் இல்லாமல் ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆறு மாதத்தில் வேறொரு சூளையில் முன்பணம் வாங்கியதை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். அது இருந்தால்தான் கடன் ஒழிந்தது என்பதற்கு ஆதாரம் இருக்கும். 30,000 ரூபாய் வரையிலான உடனடி உதவியையும் கேட்டுப் பெறலாம். மறுவாழ்வுத் தொகையாக ஆண்களுக்கு 1 லட்சமும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சமும் உண்டு என்றாலும், அதன் முழுத்தொகை குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு இணைக்கப்பட்டிருப்பது எனக்கு இன்றுவரை மனக்குறையாகவே இருக்கிறது.

இன்னொன்று: முதலாளியை அருகில் வைத்துக்கொண்டு விசாரித்தால், 'எங்களுக்கு ஒரு குறையும் இல்லை' என்றுதான் சொல்வார்கள். தனியே விசாரிக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

நந்தியாவட்டை:

அனைவருக்கும் நன்றி. வீட்டில் எதிர்ப்பு இருக்கும் என்று தெரிந்தேதான் முடிவெடுத்திருக்கிறேன். நாளை சார் ஆட்சியரைப் பார்க்கிறேன். அந்தச் சூளையில் மொத்தம் ஆறு குடும்பங்கள் இருப்பதாகத் தெரிகிறது. மனுவில் வேறு எதைச் சேர்க்க வேண்டும்?

செம்மண்:

நான் இருளர் சமூகத்தைச் சேர்ந்தவன். ஏழு வயதில் சூளையில் பச்சைக் கல் திருப்பிப் போட்டவன். எங்களை மீட்க வந்த அன்று, 'உடனே ஏறுங்கள்' என்று அவசரப்படுத்தினார்கள். என் அம்மா ஏற மறுத்து அழுதார். அவர் முதலாளிக்காக அழுகிறார் என்று ஒரு அதிகாரி நினைத்துக்கொண்டார். உண்மையில் எங்களிடம் இருந்த சொத்து நான்கு கோழிகளும் இரண்டு குண்டான்களும் மட்டுமே. அவை அங்கேயே விடப்பட்டன. ரேஷன் அட்டை முதலாளியின் மேசை அறையில் இருந்தது. அதைத் திரும்பப் பெற எங்களுக்கு ஓர் ஆண்டு ஆயிற்று. ஆகவே ஆதார் அட்டையையும் ரேஷன் அட்டையையும் அந்த இடத்திலேயே வாங்கித் தர வேண்டும் என்று எழுதுங்கள். பாத்திரம், பாய், கோழி எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ள இடமுள்ள பெரிய வண்டியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.