இலவச இணையப் பாடம்: சேரும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: இலவசப் பாடங்களில் சேர்பவர்களில் பெரும்பாலோர் முடிப்பதில்லையே, ஏன்? நல்ல பாடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மறுமொழி 1: வீடியோவை மட்டும் பார்ப்பதுதான் முக்கியக் காரணம். பார்க்கும்போது புரிந்த மாதிரியே இருக்கும். கணக்கைப் போட உட்கார்ந்தால்தான் புரியாதது தெரியும். பயிற்சித்தாள், விடைகள், பழைய தேர்வுத்தாள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாக வெளியிடும் தளம் எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர்; 2001இல் அறிவிக்கப்பட்டது. அதில் பல பாடங்களுக்கு இவை உண்டு. ஆனால் அங்கே சான்றிதழ் கிடையாது, சந்தேகம் கேட்க ஆசிரியரும் இல்லை. அதனால் கூடப் படிக்க ஓரிருவரைச் சேர்த்துக்கொள்வது அவசியம்.

மறுமொழி 2: எது இலவசம் என்பதையும் பாருங்கள். சில தளங்களில் வீடியோ மட்டுமே இலவசம்; மதிப்பெண் உள்ள பயிற்சிகளுக்குக் கட்டணம்.

மறுமொழி 3: மொழிபெயர்த்துக் கற்பிக்க நினைப்பவர்கள் உரிமத்தைப் படியுங்கள். படைப்பைப் பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தில் ‘என்டி’ (ND, மாற்றியதைப் பகிரக் கூடாது) இருந்தால் மொழிபெயர்ப்பை வெளியிட முடியாது. ‘எஸ்ஏ’ (SA) என்றால் வெளியிடலாம், அதே உரிமத்தில்.