தூரிகைத் தமிழ் எழுத்துரு: கொம்பு பின்னால் போகிறது, எல்லா 'க'வும் ஒரே அச்சாக இருக்கிறது

மைச்சுவடு:
வணக்கம். சுவர் விளம்பர பாணியில் தட்டைத் தூரிகையால் எழுதிய எழுத்துகளை ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் டிரேஸ் போட்டு (படத்தைக் கோட்டுருவமாக்கி), ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துருச் செயலியில் சேர்த்திருக்கிறேன். 'கேணி' என்று தட்டினால் இரட்டைக்கொம்பு க-வுக்குப் பின்னால் நிற்கிறது, பயர்பாக்ஸிலும் அப்படித்தான். ஓர் எழுத்தின் வெளிக்கோட்டில் 500 கணுப்புள்ளிகளுக்கு மேல் வருகிறது. 'பக்கம்', 'கலகல' என்று எழுதினால் ஒவ்வொரு க-விலும் அதே பிசிறு, அதே இடத்தில். கைவேலை என்ற உணர்வே போய்விடுகிறது. எதை முதலில் சரிசெய்வது?

கோட்டுரு:
கொம்பை முதலில் பாருங்கள். ஓப்பன்டைப் விதிகளில் (எழுத்துருவுக்குள் எழுத்து மாற்றங்களைச் சொல்லும் விதிகள்) டிஎஃப்எல்டி (பொது), லேட்ன் (லத்தீன்) என்ற மொழியெழுத்துக் குறிகள் மட்டும்தானே இருக்கின்றன? அப்படியானால் பயர்பாக்ஸில் எழுத்துகளை அடுக்கும் ஹார்ஃப்பஸ் நிரல் அதைச் சாதாரண எழுத்துருவாக நடத்தும், கொம்பை முன்னால் நகர்த்தாது. எல்லா விதிகளையும் டிஎம்எல்2, டிஏஎம்எல் என்ற தமிழ்க் குறிகளின் கீழும் சேருங்கள். கொம்பை நகர்த்த நீங்களாக விதி எழுத வேண்டாம், இருமுறை நகரும். இதற்குப் பிறகும் போட்டோஷாப்பில் மட்டும் தவறினால், அங்கே 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' தேர்ந்தெடுக்க வேண்டும். அது எழுத்துருவின் குற்றமல்ல.

வரைபலகை:
கணுப்புள்ளிகளைக் குறைக்க இங்க்ஸ்கேப்பில் 'சிம்ப்ளிஃபை' அழுத்தாதீர்கள், பிசிறு மொத்தமும் மெழுகாகிவிடும். படத்திலேயே சுத்தம் செய்யுங்கள்: 600 டிபிஐ கிரேஸ்கேல், 1–2 பிக்சல் காசியன் பிளர் (லேசான மங்கல்), பிறகு திரெஷோல்டு (வெறும் கறுப்பு வெள்ளையாக்குதல்), அதன்பின் டிரேஸ். டிரேஸில் ஸ்பெக்கிள்ஸ் அளவைக் கூட்டினால் மைத்துளிகள் உதிரும். எழுத்துக்கு 100 கணுப்புள்ளிக்குள் நிறுத்தினால் நல்லது. உலர்தூரிகையின் வெள்ளைக் கீற்றுகளைக் கோட்டின் முடிவில் இரண்டு மூன்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1000 அலகு உயரத்தில் 8 அலகுக்கும் குறுகியவை சிறிய அளவில் தெரியாது, ஸ்டிக்கர் கட்டிங்கில் பிய்ந்தும் வரும். கீற்று கறுப்பாக அடைத்துக்கொண்டால், ஃபாண்ட்ஃபோர்ஜில் கோடுகளின் சுற்றுத் திசையைச் சரிசெய்யும் 'கரெக்ட் டைரக்‌ஷன்' கொடுங்கள்.

கோட்டுரு:
பிசிறுக்கு வருகிறேன். இங்கே தமிழே நமக்குப் பாதி வேலையைச் செய்து தருகிறது. இரட்டிக்கும்போது முதலில் வருவது எப்போதும் புள்ளி எழுத்து. க-வின் மேல் புள்ளி ஒட்டாமல், 'க்' என்று தூரிகையால் தனியாக எழுதி ஸ்கேன் செய்யுங்கள். பக்கம், பட்டம், அப்பம் எல்லாம் தாமாகச் சரியாகும். தனியாக வரைய வேண்டியவை: 18 புள்ளி எழுத்து, 36 உகர ஊகார வடிவங்கள், டி, டீ. உகரங்களை எப்படியும் தனியாக வரையத்தான் போகிறீர்கள். புள்ளி எழுத்து மாற்றத்தை ஹாஃப், ஹேல்ன் (சொல்லின் நடுவிலும் இறுதியிலும் வரும் புள்ளி எழுத்துக்கான ஓப்பன்டைப் விதிகள்) இரண்டிலும் போட்டு, 'பக்கம்', 'கண்' இரண்டையும் தட்டிப் பாருங்கள்.

மிச்சம் 'கலகல', 'படபட' மாதிரி இரட்டைக்கிளவிகள். க, ட, ப, ம, ல, ர, துணைக்கால் ஆகியவற்றுக்கு மட்டும் இரண்டாவது வடிவம் எழுதுங்கள். சிஏஎல்டி விதியில் (அக்கம்பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவம் மாற்றும் ஓப்பன்டைப் விதி), ஓரெழுத்துக்கு உடனே முன்னாலோ ஓரெழுத்து தள்ளி முன்னாலோ அதே எழுத்து இருந்தால் இரண்டாவது வடிவம் என்று கொடுத்தால் போதும்.

மைச்சுவடு:
தமிழ்க் குறி சேர்த்ததும் கொம்பு முன்னால் வந்துவிட்டது, மிக்க நன்றி. 'பக்கம்' பார்க்கவே அழகாக இருக்கிறது! ஆனால் 'காரம்' என்பதில் ர எது, கால் எது என்று தெரியவில்லை.

வரைபலகை:
ர-வின் சாய்ந்த காலை அடிக்கோட்டுக்குக் கீழே நன்றாக இறக்குங்கள், துணைக்காலை அடிக்கோட்டில் வெட்டினாற்போல் முடியுங்கள். அந்த இரண்டு முனைகளில் மட்டும் பிசிறு வேண்டாம்.