ஃபீனிக்ஸ்ல சாயங்கால வாக்கிங் போறவங்க முதல்ல ஓசோன் எவ்ளோன்னு பாருங்க

அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல இருக்குற ஃபீனிக்ஸ் பக்கம் புதுசா வந்தவங்க எல்லாரும் 110 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில எப்படி சமாளிக்கிறதுன்னு தான் கேக்குறீங்க. அத ஆபிஸ்லயே நாலு பேர் சொல்லிடுவாங்க. ஆனா ஓசோன் பத்தி எங்களுக்கு யாரும் சொல்லல, அதான் எழுதுறேன். வானத்துல மேல இருக்குற ஓசோன் படலம் இல்ல, நாம மூச்சு விடுற காத்துலயே உருவாகி நுரையீரல பாதிக்குற ஓசோன் வாயுவ சொல்றேன்.

முதல் சம்மர்ல மதியம் வெளிய போக முடியலன்னு சாயங்காலம் 5 மணிக்கு பையன பார்க்குக்கு கூட்டிட்டு போவோம், வானம் நீலமா பளிச்சுன்னு இருக்கும், புகையோ தூசியோ கண்ணுல படாது, ஆனா ராத்திரி ஆனா வறட்டு இருமல், மூச்ச இழுத்தா நெஞ்சு வலிக்குதுன்னு அழுவான். அலர்ஜின்னு நெனச்சு ரெண்டு வாரம் ஓட்டிட்டோம். டாக்டர் தான் எத்தனை மணிக்கு வெளிய விளையாடுறான்னு கேட்டாங்க, அப்ப தான் ஓசோன் விஷயமே புரிஞ்சுது.

வண்டிப் புகைல வர்ற நைட்ரஜன் ஆக்சைடும், பெட்ரோல் பெயிண்ட்ல இருந்து ஆவியாகுற கெமிக்கலும் வெயில் பட்டு ஓசோனா மாறுது. அதனால காலைல கம்மியா இருக்கும், மதியத்துல இருந்து சாயங்காலம் வரைக்கும் தான் உச்சம். சுத்தி மலை வேற, காத்து அசையாத நாள்ல அப்படியே தேங்கிடும். ஊர தாண்டி வீடு எடுத்தா தப்பிச்சிடலாம்னு நெனைக்காதீங்க, காத்தோட நகர்ந்து போய் அங்க இன்னும் அதிகமாகுறதும் உண்டு.

காத்து எவ்ளோ சுத்தமா இருக்குன்னு காட்டுற ஏர்நவ் ஆப் போட்டுக்கங்க. அதுல ஏகியூஐ, அதாவது காத்தோட தரத்த சொல்ற நம்பர், 100 தாண்டி ஆரஞ்சு கலர் வந்தா குழந்தைங்க, வயசானவங்க, ஆஸ்துமா இருக்கவங்க மதியத்துக்கு மேல வெளிய ஓடியாட வேண்டாம். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருந்தா முதல் நாளே சொல்லிடுங்க, பழக்க தோஷத்துல சாயங்காலம் செருப்ப மாட்டிட்டு கிளம்பிடுவாங்க.

மாஸ்க் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. என்95 தூசிக்கு உதவும், மான்சூன் நேரத்துல புழுதிப் புயல் வரும்போது கண்டிப்பா வேணும், ஆனா ஓசோன் ஒரு வாயு, மாஸ்க் அத தடுக்காது. வீட்ல வைக்குற, தூசிய பிடிக்குற ஹெப்பா ஃபில்டரும் அப்படி தான், கார்பன் ஃபில்டர் சேர்ந்தது வாங்கணும். ஓசோன் விட்டு காத்த சுத்தம் பண்றதா சொல்லி விக்குற மெஷின தயவுசெஞ்சு வாங்காதீங்க, வெளிய எதுக்கு பயப்படுறோமோ அதையே காசு குடுத்து வீட்டுக்குள்ள விடுற மாதிரி. ஜன்னல மூடி ஏசி போட்டாலே உள்ள நல்லா குறையும். ஆனா சில பழைய வீடுங்கள்ல ஏசிக்கு பதிலா, தண்ணில நனைஞ்ச பேட் வழியா காத்த குளிர வைக்குற ஸ்வாம்ப் கூலர் இருக்கும், அது வெளிக்காத்த தான் இழுத்து உள்ள விடும், வாடகைக்கு பாக்கும்போதே கேட்டுக்கங்க.

பெட்ரோல் போடுறத இருட்டினப்புறம் வச்சுக்கங்க, அந்த ஆவி வெயில்ல சிக்காது.

பையனுக்கு இப்ப சைக்கிள், பந்து எல்லாம் விடிஞ்ச உடனே தான், முதல்ல எழுப்புறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும், பழகிட்டான். அக்டோபர் முடிஞ்சா திரும்ப சாயங்காலத்துக்கு மாத்திக்குவோம்.